விரிசலுக்குள்ளே விழுந்த மெட்டி

வானம் மறந்தாலும் கண்மாய் மறக்காத ஒரு ஊர் இருந்துச்சாம். அந்தக் கண்மாய் மடையிலே ஒரு பூதம் குடியிருந்துச்சாம். பயப்படாதீங்க, அது ஆளைத் தின்கிற பூதமில்லை, கதை தின்கிற பூதம். வருசா வருசம் நடவுக்கு முன்னாலே, முறைக்கார வீட்டிலேர்ந்து ஒருத்தர் போய், அது கேட்காத ஒரு கதையைச் சொல்லணும். சொன்னா மடைப்பலகையை அதுவே தூக்கிவிடும். கேட்ட கதையா இருந்தா, "கேட்டாச்சு"ன்னு ஒரு சொல் சொல்லிட்டுப் பலகை மேலேயே குந்திக்கிடும். அப்புறம் பத்து எருமையைக் கட்டி இழுத்தாலும் பலகை அசையாது.

அந்த வருசம் முறை சடைச்சி வீட்டுக்கு வந்துச்சாம். அவளுக்கு இருந்தது கடைமடையிலே ஒரு துண்டு வயல், கருப்பின்னு ஒரு ஆடு, நாலு பேரைக் கண்டா நாக்கு ஒட்டிக்கிற ஒரு புருசன். அவன் எங்கே கதை சொல்ல? பாரம் இவ தலையிலே விழுந்துச்சு. நாற்றங்கால்லே நாத்து மஞ்சள் பூக்குது.

"இன்னும் பத்துப் பதினஞ்சு வெயிலுக்கு மேலே தாங்காது சடைச்சி. ஊர் வயிறே உன் வாயைப் பார்த்துக்கிட்டிருக்கு"ன்னாராம் ஊர்ப் பெரியவர்.

அதிசயக் கதைன்னா அது எங்கேயோ தூரத்திலேதான் இருக்கும்னு சடைச்சிக்கு நினைப்பு. மலை மேலே ஏறிப் போய், சாமியார்கிட்ட ஒரு கதை வாங்கிட்டு வந்தாளாம்.

"ஏழு கடல் தாண்டி ஒரு ராட்சசன்..."

"கேட்டாச்சு."

கடற்கரைக்குப் போய், உப்பு வண்டிக்காரங்ககிட்ட ஒரு கதை வாங்கிட்டு வந்தாளாம்.

"ஒரு கிளிக்குள்ளே ஒருத்தன் உயிர்..."

"கேட்டாச்சு."

காட்டுக்குப் போய், தேன் எடுக்கிறவங்ககிட்ட ஒரு கதை வாங்கிட்டு வந்தாளாம்.

"ஒரு ராசாமகன் பாம்பா மாறி..."

"கேட்டாச்சு, கேட்டாச்சு! ஏ ஆத்தா, உங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலேயே கேட்டாச்சு!"

கால் ஓய்ஞ்சு போய்த் தன் வயல் வரப்பிலே வந்து உக்காந்தாளாம். வயல் தண்ணியில்லாம வெடிச்சுக் கிடக்கு. காலை நீட்டுறா, வலது கால் மெட்டி நழுவி, விரிசலுக்குள்ளே விழுந்துருச்சு! விரலை விட்டா எட்டலை. குச்சியை விட்டா எட்டலை. குப்புறப் படுத்து ஒத்தைக் கண்ணை வச்சுப் பார்த்தா, உள்ளே ஒரே இருட்டு.

"ஏட்டி கருப்பி, உள்ளே யாராச்சும் குடியிருந்தா, என் மெட்டியைப் பார்த்து என்ன நினைப்பாங்க?"

கருப்பி என்ன சொல்லும்? அது பாட்டுக்கு அசை போட்டுச்சு. ஆனா கேட்டவளுக்கு அந்தக் கேள்வி விடலை. ஒரு கேள்வி ஒன்பது குட்டி போட்டுச்சு. எள்ளுத் தண்டி ஆளுங்களா இருப்பாங்களோ? அவங்களுக்கு ஒரு ராசா இருப்பானோ? மெட்டி விழுந்தா வானத்திலேர்ந்து கிரீடம் விழுந்துச்சுன்னு நினைப்பானோ? சடைச்சிக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆட்டுக்கிட்டயே வாய்விட்டுச் சொல்ல ஆரம்பிச்சா.

"விரிசல் தேசம்னு ஒரு தேசம் கருப்பி. அந்த ராசா மெட்டியைத் தலையிலே வச்சா, அது நழுவி இடுப்புக்கு வந்துருச்சு. ஒட்டியாணம்னு சொல்லிச் சமாளிச்சுட்டான். அப்ப ஒரு கிழட்டுச் சிள்வண்டு சொல்லுச்சாம்: 'ராசா, இது விழுந்தா பின்னாலேயே வால் இல்லாத வெள்ளிப்பாம்பு வரும், நம்மளை முழுங்கும், படகு கட்டணும்.' உடனே எல்லாரும் வேப்பிலையிலே படகு கட்டினாங்க..."

இதையெல்லாம் கருவேலம் புதருக்குப் பின்னாலே நின்னு ஒருத்தர் கேட்டுக்கிட்டிருந்தார். அலங்காரப் புலவர். மடை திறந்தவருக்குத்தான் ஊரிலே முதல் மாலை. அதுக்காக, கதையிலே படகு கட்டின இடம் வந்ததுமே, மீதியைக் கேட்காம வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மடைக்கு ஓடினார். சடைச்சி விசயம் தெரியாம, இந்தக் கதையையே பூதத்துக்குச் சொல்லிப் பார்ப்போம்னு மெதுவா நடந்து வந்து சேர்ந்தா, ஊரே கூடி நிக்குது, புலவர் கதையை முக்காவாசி சொல்லியாச்சு.

"அது என் கதை!"ன்னு சடைச்சி கத்தினா.

"போடி, ஆடு மேய்க்கிறவளுக்குக் கதை ஒரு கேடா?"ன்னார் புலவர்.

சடைச்சி பூதத்தைத் திரும்பிப் பார்த்தா. பூதம் இப்ப கேட்டுருச்சே! இனிமே அவ சொன்னாலும் "கேட்டாச்சு"ன்னுதானே சொல்லும்?

ஆனா பூதம் கண்ணைப் பானையாட்டம் விரிச்சுக்கிட்டு முன்னாலே சாய்ஞ்சுச்சாம். "படகு கட்டினாங்க. சரி, அப்புறம்?"

புலவர் தொண்டையைச் செருமினார். "அப்புறம்... ஏழு கடல் தாண்டி..."

"கேட்டாச்சு. அப்புறம்?"

"ஒரு கிளிக்குள்ளே..."

"கேட்டாச்சு! படகு மிதந்துச்சா, முங்குச்சா? அதைச் சொல்லுய்யா!"

புலவருக்கு வேர்த்துக் கொட்டுது. பூதம் பல்லைக் கடிக்குது. அப்பத்தான் சடைச்சி முன்னாலே வந்தா.

"சாமி, மிதந்துச்சா முங்குச்சான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அந்த வெள்ளிப்பாம்பு உங்க காலுக்கடியிலேதான் படுத்திருக்கு. தேசமோ மடைக்கு அந்தப் பக்கம், என் கடைமடை வயல்லே இருக்கு. நீங்க பாம்பை விட்டாத்தானே கதை நடக்கும்?"

பூதம் வாயைப் பொளந்துச்சு. எத்தனை காலமா மடையிலே இருக்கு! தன்னைத் தாண்டிப் போன தண்ணி எங்கே போகுது, என்ன செய்யுதுன்னு ஒரு நாளும் பார்த்ததில்லையே!

"அடி ஆத்தாடி! இது கேட்காத கதைதான்"ன்னு பலகையை ஒரே தூக்காத் தூக்குச்சு. தண்ணி சளசளன்னு பாய்ஞ்சுச்சு. பூதம் புலவரைப் பிடிச்சு மடைக்குள்ளே கழுத்தளவு தண்ணியிலே உக்கார வச்சுது. "மீதியைப் பார்த்துட்டு வர்றேன். அதுவரைக்கும் திறக்கிறதும் மூடுறதும் உன் பாடு"ன்னு சொல்லிட்டு, தண்ணியோட தண்ணியா வாய்க்கால்லே உருண்டு போயிருச்சு.

தண்ணி முதல் மடை வயலுக்குப் போச்சு, நடுமடை வயலுக்குப் போச்சு, கடைசியா சடைச்சி வயலுக்கும் வந்துச்சு. விரிசல் எல்லாம் வாயைத் திறந்து குடிச்சுது. சடைச்சி வரப்பிலே பொத்துன்னு உக்காந்து, அப்பத்தான் மூச்சையே விட்டாளாம். நாத்து பிழைச்சுது, ஊர் பிழைச்சுது.

நடவு நட்டப்போ அவ கையிலே மெட்டி தட்டுப்பட்டுச்சு. எடுத்துப் பார்த்தா, அதிலே ஒரு வேப்பிலை பாய்மரம் மாதிரி சொருகி நிக்குது!

பூதம் என்னாச்சுன்னு கேக்குறீங்களா? அது அடுத்த வயல், அடுத்த விரிசல்னு பார்த்துக்கிட்டே போகுது, இன்னும் திரும்பலை. புலவரைச் சுத்தி மடைத் தவளையெல்லாம் உக்காந்து கதை கேக்குது. அவரும் சொல்றார், அதுங்களும் ஒவ்வொண்ணுக்கும் "கேட்டாச்சு, கேட்டாச்சு"ன்னு கத்துதுங்க.

அடுத்தவன் கதையை அள்ளினவனுக்கு அடுத்த வரி கிடையாது. என் கதை மடை தாண்டிருச்சு, உங்க கண்ணுக்குள்ளே தூக்கம் பாயட்டும்.