படித்ததாக நின்ற மெயில்

ஒரே ஒரு ஊரிலே, கடலைப் பார்த்த ஊரிலே, ஒரு மென்பொருள் ஆபீஸ் இருந்ததாம். அங்கே நாச்சியார் என்று ஒரு குரு. வயது முப்பத்தொன்று. அவரிடம் ஜாவா கற்றுக்கொள்ள வந்த சீடர் தவசிமுத்து. வயது நாற்பத்தேழு. சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார்.

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி பழைய மெயிலை விட்டுப் புது மெயிலுக்கு மாற இருந்தது. திங்கட்கிழமை முதல் புதுசு. அதுவரை ஊழியர்கள் பழையதையே பார்ப்பார்கள். அதற்குள் பழைய சர்வரில் கிடப்பதையும் புதிதாக வந்து விழுவதையும் நகல் எடுத்துப் புதியதில் சேர்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பழைய சர்வருக்குள் போய் மெயிலை எடுத்து வரும்படி தவசிமுத்து ஒரு ஜாவா புரோகிராம் எழுதினார்.

மூன்று நாள் சர்வர் உள்ளேயே விடவில்லை. போர்ட் எண் தப்பு, பிறகு சான்றிதழ் தப்பு, பிறகு பாஸ்வேர்டு. புதன்கிழமை காலை உள்ளே விட்டது. பதினோராயிரத்துச் சொச்சம் மெயில். ஒன்றுகூடக் குறையவில்லை.

“பதினோராயிரத்துக்கு ஒரு டீயாவது வாங்கித் தாங்க மேடம்.”

நாச்சியார் வாங்கித் தந்தார்.

வியாழக்கிழமை ஏஜென்சியிலிருந்து போன். பெர்பெத்துவா என்கிற பெண், அங்கே கப்பல்களிலிருந்து வரும் மெயிலைக் கவனிப்பவள்.

“சார், நேத்து ஒரு கேப்டன் மெயில் போட்டிருக்காரு. சமையல்காரருக்கு நெஞ்சு வலி, படகுல டாக்டரை அனுப்புங்கன்னு. நான் பார்க்கவே இல்ல. புது மெயில்னா தடிச்ச எழுத்துல நிக்கும்லா, நான் அதைத்தான் தேடுவேன். இது படிச்ச மெயில் மாதிரி ஒல்லியா நிக்குது. படிச்சிட்டுச் சும்மா இருந்துட்டேன்னு மேனேஜர் மெமோ குடுத்துட்டாரு.”

“அந்த ஆளு எப்படி இருக்காரு?”

“டாக்டர் போக அரை நாள் லேட். ஆஸ்பத்திரியில கிடக்காரு, பிழைச்சிட்டாரு. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள நான் காரணம் சொல்லணும். இல்லன்னா வேலை போயிரும். உங்க புரோகிராம் ஏதாவது பண்ணிருக்குமா சார்?”

“அது நகல்தான் எடுக்கும்மா. எதையும் அழிக்காது.”

தவசிமுத்து போனை வைத்துவிட்டுக் குருவிடம் போனார்.

“மேடம், ஒரு மெயில்கூடத் தொலையல. இதுல என் தப்பு என்ன?”

நாச்சியார் அவரைப் பார்த்தார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு நாச்சியார் அவர் மேஜைக்கு வந்தார்.

“பதினொரு மணி மீட்டிங்குக்கு ஏன் வரல அண்ணாச்சி?”

“எந்த மீட்டிங்?”

“காலையில கவர் அனுப்பினேனே.”

“எனக்கு எதுவும் வரலையே மேடம்.”

நாச்சியார் தபால் நோட்டை விரித்துக் காட்டினார். ஒன்பதரை மணி. கவர் ஒன்று. பெற்றுக்கொண்டவர் தவசிமுத்து. பக்கத்தில் கையெழுத்து.

“இது என் கையெழுத்தே இல்ல!”

“பேரு உங்க பேருதான? கவரும் உங்க டிராயர்லதான் இருக்கு. எதுவும் தொலையல.”

தவசிமுத்து டிராயரை இழுத்தார். பழைய காகிதங்களுக்கு நடுவே கவர் இருந்தது. பிரித்த கவர். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: ‘பதினொரு மணிக்கு மீட்டிங். சமோசா உண்டு.’

தவசிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“யாரோ பிரிச்சுப் படிச்சிட்டு, என் பேர்ல கையெழுத்தும் போட்டு உள்ள வச்சா, அதுக்கு நானா மேடம் பொறுப்பு? நான் படிக்கவே இல்ல!”

“அந்தப் பொண்ணும் அதையேதான் சொல்லுது.”

தவசிமுத்து உட்கார்ந்தார். புரோகிராமைத் திறந்து மேலிருந்து வாசித்தார். பழைய மெயில் பெட்டியைத் திறக்கும் இடத்தில், ‘படிக்கவும் எழுதவும்’ என்று அனுமதி வாங்கியிருந்தார். அப்படித் திறந்து ஒரு மெயிலை எடுத்தால், படித்தாயிற்று என்று சர்வர் குறித்துக்கொள்ளும். பெர்பெத்துவாவின் பெயரில் உள்ளே போன புரோகிராம், அவள் பார்க்கும் முன்னே பார்த்துவிட்டு வந்திருந்தது.

‘படிக்க மட்டும்’ என்று மாற்றினார். சோதனைக்கு ஒரு மெயில் போட்டார். புரோகிராம் மூன்று முறை போய் வந்தது. எழுத்து தடித்தபடியே நின்றது.

மணி மூன்றே முக்கால்.

“சரி பண்ணிட்டேன் மேடம். ஒரே வரி.”

“எதுக்குச் சரியாச்சு?”

“இனிமே வர்ற மெயிலுக்கு.”

“அப்ப அந்தப் பொண்ணுக்கு வந்த மெமோ?”

“எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல மேடம். இந்த வயசுல வேற யாரு எடுப்பாங்க?”

“தெரியும் அண்ணாச்சி.”

தவசிமுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

“அந்த மேனேஜருக்கு விவரமா ஒரு மெயில் போட்டுருதேன்.”

“போடுங்க. அஞ்சு மணிக்குள்ள அதை அவருதான் படிச்சாருன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?”

மாற்றுவதற்கு முன்பு அந்த வரி எப்படி இருந்ததோ, அப்படியே தவசிமுத்து ஒரு பிரிண்ட் எடுத்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். படியிறங்கி, துறைமுகம் போகிற ரோட்டில் நடந்து போனார்.