சுவடு எடுத்த விகடகவி

முன்னொரு காலத்தில் ஓர் ஆற்றுக்கு இக்கரையில் ஒரு ராஜா, அக்கரையில் ஒரு ராஜா. பல வருஷம் அடித்துக்கொண்டு, அலுத்துப்போய்ச் சமாதானம் ஆனார்கள். ஆனதும் இருவரும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டார்கள். போரைப் பற்றி யாரும் எதுவும் கேட்கக் கூடாது, கேட்டால் கசையடி.

இக்கரை விகடகவி சடையாண்டிக்கு அந்தச் சட்டம் தொண்டையில் சிக்கிய முள். படையோடு போன அவன் தம்பி திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று கேட்க வழியில்லை. சபையைச் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், தம்பி மனைவி அவன் முகத்தையே பார்ப்பாள்.

ஒருநாள் அக்கரை ராஜா விருந்துக்கு வருவதாகச் சேதி வந்தது. அவர் கண்ணில் போரின் சுவடு ஒன்றுகூடப் படக் கூடாது என்று இக்கரை ராஜாவுக்கு ஆசை பிறந்தது. சடையாண்டியைக் கண்டாலே எரியும் சேனாதிபதி கரிவரதன், இதற்கு விகடகவியை விட்டால் வேறு யார் என்று குழைந்தான். முடியாவிட்டால் நாட்டைவிட்டே அனுப்பிவிடலாம் என்றும் சேர்த்துக்கொண்டான். சுவடு எங்கே இருந்தாலும் எடுக்கலாமா என்று மட்டும் சடையாண்டி கேட்டான். ராஜா முத்திரை மோதிரத்தையே கழற்றிக் கொடுத்தார்.

விருந்தன்று சங்கு ஊத, ராஜா அவசரமாகச் சபைக்கு வந்தால் சிம்மாசனத்தைக் காணோம், கோரைப்பாய் கிடந்தது. திட்டுவதற்குள் விருந்தாளி வந்துவிட்டதால் அதிலேயே சம்மணமிட்டார். கரிவரதன் போட்டிருந்த பட்டுச் சால்வையையும் தங்கக் காப்பையும், சடையாண்டி காட்டிய மோதிரத்துக்குப் பணிந்து காவலர்கள் வாசலிலேயே உருவியிருந்தார்கள். அவன் வெறும் வேட்டியோடு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

“என்னடா கூத்து இது?” என்றார் ராஜா.

“மகாராஜா, சிம்மாசனம் அக்கரையிலிருந்து அள்ளி வந்தது. காப்பும் பட்டும் போரில் வென்றதற்குத் தந்த பரிசு. எல்லாம் சுவடுதானே? சேனாதிபதி பட்டத்தையும் எடுத்தாயிற்று. இனி இவர் வெறும் கரிவரதன்.”

வேட்டி சொந்தக் காசில் வாங்கியது என்று தூணுக்குப் பின்னாலிருந்து முனகல் வந்தது.

அக்கரை ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தன் அரண்மனையை இப்படிச் சுத்தம் செய்தால் கூரைகூட மிஞ்சாது என்றார்.

“ஒன்றுதான் என்னால் முடியவில்லை,” என்று சடையாண்டி வாசல் கதவைத் திறந்தான். முற்றம் நிறையப் பெண்கள், கிழவர்கள். முன்னால் தம்பி மனைவி. “இவர்களும் சுவடுதான். போங்கள் என்றால், போனவர் எங்கே என்று சொல், போகிறோம் என்கிறார்கள். கேட்டால் கசையடியாயிற்றே, நான் யாரைக் கேட்பது?”

தோற்றுவிட்டான், நாடு கடத்துங்கள் என்றான் கரிவரதன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றே இரு ராஜாக்களும் அந்தப் பாயில் தோளோடு தோள் உட்கார்ந்து சட்டத்தைத் திருத்தினார்கள். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். இரு கரை அதிகாரிகளும் சேர்ந்து தேடிப் பதில் சொல்ல வேண்டும். மறைப்பவனுக்குத்தான் கசையடி.

எழுந்திருக்கப் போன இக்கரை ராஜா, கால் மரத்துப்போய் மறுபடி பொத்தென்று உட்கார்ந்தார். தன் கோலத்தைப் பார்த்துத் தானே வாய்விட்டுச் சிரித்தார். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். சடையாண்டி ஒரு படகு கேட்டு வாங்கினான்.

அதிகாரிகள் தேடி முடித்துச் சேதி அனுப்பியதும் தம்பி மனைவியை ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்தான். அக்கரைக்காரர்கள் துறையில் காத்திருந்து, ஒரு புன்னை மரத்தடிக்கு அழைத்துப் போனார்கள். வேடிக்கை பேசியே பிழைத்தவன் குனிந்து, தம்பியைப் புதைத்த மேட்டில் கிடந்த சருகுகளைப் பொறுக்கினான்.

அவள்தான் அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். “நிழலாப் பார்த்துத்தான் படுத்திருக்கார், மாமா.”