தலைத்தண்ணீருக்கு முன்னால் ஓடியவன்

தண்ணீருக்கு முன்னால் ஓடுகிறவன் எவ்வளவு தூரம் முன்னால் ஓட வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்?

எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்றுதான் கலியமூர்த்தியும் நினைத்திருந்தான்.

அந்த ஆற்றிலிருந்து இரண்டு வாய்க்கால் பிரிகிறது. ஒன்று வடக்கு வாய்க்கால், ஒன்று தெற்கு வாய்க்கால். கோடையில் இரண்டும் காய்ந்து கிடக்கும். உள்ளே மாடு மேயும், பெண்கள் கோரை காயப்போடுவார்கள், பிள்ளைகள் மணலில் வீடு கட்டுவார்கள்.

ஆனிக் கடைசியில் மதகைத் திறப்பார்கள். திறந்ததும் ஒரு ஆள் கரையோடு ஓட வேண்டும். ஊர் ஊராகத் தண்ணி வருது, தண்ணி வருது என்று கூப்பிட்டுக்கொண்டே கடைமடை வரைக்கும் போக வேண்டும். அந்த ஆளுக்கு முன்னோடி என்று பேர்.

போன வருஷம் வடக்கு வாய்க்காலுக்குக் கலியமூர்த்தி முன்னோடி. நாற்பத்தைந்து வயதிலும் ஓட்டத்தில் அவனைப் பிடிக்க அந்தச் சுற்றில் ஆள் கிடையாது. ஏழு ஊரையும் கூப்பிட்டபடி தாண்டிக் கடைமடையில் போய் நின்றான். மோர் கொடுத்தார்கள். மாலை போட்டார்கள்.

மாலை கழுத்தில் இருக்கும்போதே சேதி வந்தது.

நடுவழியில் கீழப்பாலம். பாலத்துக்கு அடியில் மட்டும்தான் அங்கே நிழல். பவளக்கொடி அங்கே தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுக் கோரை புரட்டிக்கொண்டிருந்தாள். கலியமூர்த்தி கூப்பிட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையேறினாள்.

நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீரைக் காணோம். இன்னும் கொஞ்சம் நின்றாள். பிள்ளை வீறிட்டது. இறங்கிப் போய்த் திரும்பவும் தூளியில் போட்டாள்.

தண்ணீர் அப்போதுதான் வந்தது.

ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் பாலத்துத் தூணுமாக நின்றவளை நாலு பேர் சேர்ந்து மேலே இழுத்தார்கள். இரண்டு ஆடு போனது போனதுதான்.

கலியமூர்த்தி போய் அவள் முன்னால் நின்றபோது அவள் ஏசவில்லை.

"நீங்க பொய் சொல்லலண்ணே," என்றாள். "ஆனா இனிமே உங்க சத்தம் எனக்குக் காதுல ஏறாது."

அந்தச் சொல் ஒரு வருஷமாக அவன் காதில் ஏறி உட்கார்ந்திருந்தது.

*

தெற்கு வாய்க்காலுக்குத் தையல்நாயகி முன்னோடி. அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவள் கூப்பிட ஆரம்பித்ததிலிருந்து அந்த வாய்க்காலில் ஒரு கோழிக்குஞ்சு போனதில்லை.

ஆனால் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. கரையில் கீரையைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டே நடப்பாள்.

அவளிடம் பாடம் கேட்கப் போகிறேன் என்று கலியமூர்த்தி சொன்னபோது டீக்கடையே சிரித்தது. கீரை கிள்ளுகிறவளிடம் ஓட்டம் படிக்கப் போகிறான், வரும்போது நமக்கும் ரெண்டு கட்டு வாங்கி வரச் சொல்லுங்கப்பா என்றார்கள்.

அவன் போய்ச் சேர்ந்த அன்றைக்குத் தெற்கு வாய்க்காலைத் திறந்தார்கள். வடக்குக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.

"எவ்வளவு முன்னால ஓடணும் தங்கச்சி?" என்று கேட்டான்.

தையல்நாயகி முந்தானையை மடித்துச் செருகிக்கொண்டாள்.

"போன வருசம் தலைத்தண்ணி எப்படி இருந்துச்சுண்ணே?"

காய்ந்த வாய்க்காலில் முதல் முதலாக வருகிற தண்ணீருக்குத் தலைத்தண்ணீர் என்று பேர்.

கலியமூர்த்தி யோசித்துப் பார்த்தான்.

"அது எனக்குப் பின்னாடியில்ல வந்துச்சு."

"திரும்பிப் பாக்கலியா?"

"ஓடறவன் திரும்பிப் பாக்கக் கூடாது," என்றான். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னான்.

"ஓ," என்றாள் அவள். "வாங்க. மூக்கிரட்டைக் கீரை நல்லா தழைச்சிருக்கு."

*

நடந்தார்கள். அவள் கிள்ளினாள். ஒரு வீட்டில் மோர் கேட்டு வாங்கிக் குடித்தாள். ஒரு கிழவரிடம் அவர் மாட்டுக்கு என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்று நின்று விசாரித்தாள். கலியமூர்த்திக்குக் கால் அரித்தது.

அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவசரமென்றால் முன்னால் போங்கள், தண்ணீர்ச் சத்தம் கேட்கிற கடைசி இடத்தில் மட்டும் நின்றுகொள்ளுங்கள் என்றாள்.

அவன் பறந்தான். ஒற்றைப் பனை வந்ததும் நின்றான். காதைக் கொடுத்தான். காற்றுதான் கேட்டது.

தூரத்தில் அவள் கையை ஆட்டி வா என்றாள்.

பாதி தூரம் திரும்பி வந்தான். மறுபடியும் கையை ஆட்டினாள்.

ஒரு பூவரச மரத்தடிக்கு வந்து கண்ணை மூடினான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, சருகை யாரோ மெதுவாகக் கூட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்து திரும்பினான்.

வாய்க்கால் வளைவில் அது வந்துகொண்டிருந்தது.

ஓடி வரவில்லை. தவழ்ந்து வந்தது. முகத்தில் நுரை, நுரைமேல் சருகு, சருகுமேல் எறும்பு. அதற்கு முன்னால் வெட்டுக்கிளிகள் குதித்துக் குதித்து வந்தன. வெட்டுக்கிளிக்கு முன்னால் கொக்குகள், கல்யாண வீட்டுக்காரர்கள் போல, அலுங்காமல் நடந்து வந்தன.

வெடித்துக் கிடந்த களிமண்ணில் ஒவ்வொரு வெடிப்பிலும் தண்ணீர் இறங்கி, குளுக் குளுக் என்று பேசிவிட்டு மேலே வந்தது. ஒரு பள்ளத்தைக் கண்டதும் உட்கார்ந்துகொண்டது. சுற்றிச் சுற்றி வந்தது. பள்ளம் நிறைந்ததும் எழுந்துகொண்டது. முதலில் கணுக்கால் ஆழம். வெற்றிலை மடிக்கிற நேரத்தில் முழங்கால். கண்ணெதிரே இடுப்பளவு. மண்ணெல்லாம் மணத்தது.

இத்தனை வருஷம் இந்தக் கரைகளிலேயே ஓடியவன், அதன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தான். கை தானாகக் குவிந்தது.

தையல்நாயகி அவனைத் தாண்டிப் போய் ஊர்ப் பக்கம் ஒரு குரல் கொடுத்தாள். பெரிய குரல் இல்லை. வாய்க்காலுக்குள் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கரையேறினார்கள். ஏறித் திரும்பினார்கள்.

தண்ணீர் அங்கே இருந்தது.

கலியமூர்த்தி ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் அவன் துண்டை வாங்கி விரித்து, மடியிலிருந்த கீரையில் பாதியைக் கொட்டி முடிந்து கொடுத்தாள்.

"வீட்டுல பருப்பு போட்டுக் கடையச் சொல்லுங்கண்ணே," என்றாள்.

*

எட்டாம் நாள் வடக்கு வாய்க்காலைத் திறந்தார்கள்.

கலியமூர்த்தி கொஞ்சம் ஓடினான், நின்றான். கொஞ்சம் நடந்தான், உட்கார்ந்தான். வழியில் இருந்தவர்களுக்கு நல்ல வேடிக்கை. வயசாகிவிட்டது பார் என்றார்கள். கீரை எங்கே என்று கேட்டார்கள். அவன் கூப்பிட்டதும் சிரித்துக்கொண்டே கரையேறினார்கள். ஏறித் திரும்பியதும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

கீழப்பாலத்துக்கு முன்னால் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் வந்து அதில் உட்கார்ந்தது.

கலியமூர்த்தியும் உட்கார்ந்தான்.

அங்கிருந்து பார்த்தால் பாலம் தெரியும். அடியில் பச்சைச் சேலைத் தூளி தெரிந்தது. இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த கோரையை எத்தனை நாள்தான் வெயிலில் விட முடியும்? பவளக்கொடி குனிந்து கட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் கால் துடித்தது. இப்போதே ஓடிப் போய்த் தொண்டை கிழியக் கத்தலாம். இரண்டு தரம் எழுந்துவிட்டான். இரண்டு தரமும் தண்ணீரைப் பார்த்தான், உட்கார்ந்தான்.

பள்ளத்தின் விளிம்பில் தண்ணீர், பொங்கப் போகிற பால் மாதிரி ஒரு கணம் நின்றது.

அப்புறம் ஓடினான் பாருங்கள், அது ஓட்டம். அங்கிருந்து பாலம் வரைக்கும் வாய்க்கால் நேர்கோடு. தண்ணீரும் அங்கே ஓடும். முதுகுக்குப் பின்னால் கேட்ட அந்தச் சத்தத்தைக் கயிறு மாதிரிப் பிடித்துக்கொண்டு ஓடினான். அறுந்துவிடவும் விடவில்லை, தளர்ந்துவிடவும் விடவில்லை.

பாலத்தில் ஏறி ஒரே ஒரு தரம் கூப்பிட்டான்.

பவளக்கொடி தலையைத் தூக்கவில்லை. கோரைக் கட்டை முழங்காலால் அழுத்தி முடிச்சுப் போட்டாள்.

"போங்கண்ணே," என்றாள். "போயி மாலையைப் போட்டுக்கங்க."

அவன் போகவில்லை. மறுபடி கூப்பிடவும் இல்லை. பாலத்தின் மேல் நின்றபடி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான்.

பார்த்துக்கொண்டே நின்றான். கை குவிந்திருந்தது.

காலடி ஓசை தொடராததால் அவள் நிமிர்ந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். எதைப் பார்த்து ஒரு மனுஷன் இப்படி நிற்கிறான் என்று அந்தப் பக்கம் திரும்பினாள்.

முதல் வெட்டுக்கிளி அவள் காலைத் தாண்டிக் குதித்தது.

அடுத்தது கோரைக் கட்டின் மேல் உட்கார்ந்தது. ஒரு கொக்கு வந்தது. சருகை யாரோ கூட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

கோரைக் கட்டு கிடந்த இடத்திலேயே கிடந்தது. பவளக்கொடி தூளிக்கு ஓடினாள். தூக்கம் கலையாத பிள்ளையை அள்ளிக்கொண்டு சரிவில் பாதி ஏறி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணே, குனிங்க," என்றாள். "இவளைப் பிடிங்க."