வாய் இல்லாத படம்

"பதினோரு படம் வரைஞ்சாச்சு. பதினொண்ணும் அவன் இல்லைங்காங்க. நான் ஊருக்குப் போறேன், டீச்சர்."

இப்படிச் சொல்லிவிட்டுத் திருமலைக்கொழுந்து தன் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. முப்பத்திரண்டு வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் டீச்சர் என்று கூப்பிட்ட பாக்கியசீலிக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை.

பாக்கியசீலி தெருநாடகக்காரி. கலவரம் நடந்த ஊராகப் பார்த்து ஒரு வீடு பிடிப்பாள். பாடுகிறவர், ஆடுகிறவர், வரைகிறவர் என்று நாலைந்து பேரை மூன்று மாதம் அங்கேயே தங்கவைப்பாள். ஊர்க்காரர்களோடு சேர்ந்து அவர்கள் எதையாவது உண்டாக்க வேண்டும். என்ன உண்டாக்க வேண்டும் என்று மட்டும் சொல்லமாட்டாள்.

அவளிடம் பாடம் கேட்கத்தான் கொழுந்து மாஸ்டர் வந்திருந்தார்.

அந்த ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோயில் கொடைத் திருவிழாவில் சண்டை வந்தது. கீழத்தெருப் பக்கமிருந்து பறந்துவந்த ஒரு கல் மேலத்தெரு இசக்கிராஜாவின் நெற்றிப்பொட்டில் பட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது. இருபத்திரண்டு வயது. எறிந்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

அன்றோடு போக்குவரத்து அறுந்தது. கல்யாணம், சாவு எதற்கும் ஒரு தெருக்காரர் கால் இன்னொரு தெருவில் படவில்லை.

இசக்கிராஜாவின் அம்மா ஆவுடை ஒருநாள் மாஸ்டரைத் தேடி வந்தாள். அவன் போனைக் கேஸுக்கென்று போலீஸ் கொண்டுபோய்விட்டதாம், அதிலிருந்த படங்களும் அதோடு போயிற்றாம். வாக்காளர் அட்டையில் விறைத்துக்கொண்டு இருக்கும் முகம்தான் மிச்சமாம்.

"எம் புள்ளை சிரிச்சாப்பில ஒரு படம் வேணும் சார்" என்றாள்.

அதைத்தான் பதினோரு தடவை வரைந்திருந்தார்.

பாக்கியசீலி பையைப் பார்த்தாள். பிறகு கடைசிப் படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"என்ன குறை சொல்லுதாங்க, அண்ணாச்சி?"

"நெத்தி அவன்தானாம். கண்ணு அவன்தானாம். வாய்க்கு வந்ததும் தலையை ஆட்டிருதாங்க."

"எப்படிச் சிரிப்பான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். அப்பன் இல்லாத புள்ளை, வீட்டுல எங்க சார் சிரிச்சான்னு அழுதாங்க. பந்தடிக்கிற களத்துலதான் சிரிப்பானாம். சத்தம் மட்டும் வீட்டுக்குக் கேக்குமாம்."

பாக்கியசீலி மேஜையிலிருந்த ரப்பரை எடுத்தாள். மாஸ்டர் தடுப்பதற்குள் படத்தின் வாயை அழித்துவிட்டாள்.

"நாலு நாள் வேலை, டீச்சர்!"

அவள் தூளை ஊதிவிட்டுத் தாளை அவரிடம் நீட்டினாள்.

"பந்து யார்கூட அடிச்சான்?"

அது ஊருக்கே தெரிந்த சங்கதி. கீழத்தெரு சுடலைமணி.

பை வாசலிலேயே கிடந்தது. அவர் தாளைச் சுருட்டிக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்தார்.

சுடலைமணி ஆட்டோவுக்குள் சாய்ந்து படுத்திருந்தான். தாளை விரித்துக் காட்டியதும் எழுந்து உட்கார்ந்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"வாய் எங்க சார்?"

"தெரியலை. அதான் உங்கிட்ட வந்தேன்."

"இடது பக்கம் முதல்ல ஏறும். வலது பக்கம் பின்னால ஓடிவந்து சேரும்" என்றான். மாஸ்டர் வரைந்தார். இல்லை என்று தலையசைத்தான். மறுபடி வரைந்தார். இல்லை.

"சொல்லத் தெரியலை. செஞ்சு காட்டுதேன்."

சிரித்துக் காட்டினான். மாஸ்டர் மடமடவென்று கோடு போட்டார்.

"சிரிச்சு முடியுததுக்குள்ள பக்கத்துல நிக்கிறவன் தோளைக் கடிச்சிருவான். அநேகமா நான்தான் நிப்பேன்" என்றான் சுடலைமணி. சொல்லும்போதே அவன் முகம் கலைந்துவிட்டது. திரும்பிக்கொண்டு ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்தான்.

மாஸ்டர் காத்திருந்தார். அப்புறம் தாளைக் காட்டினார்.

"ஆமா. இவன்தான்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டான்: "பெரியம்மாவுக்கா சார்?"

"நீயே வந்து கொடு."

"அவனைச் சுடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போன கூட்டத்துலகூட என்னை விடலை. அந்தத் தெருவுக்குள்ள என் ஆட்டோ போகாது."

"ஆட்டோ இங்கயே நிக்கட்டும்" என்றார் மாஸ்டர். "நடந்து போவோம்."

நடந்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. மேலத்தெரு முனையில் குழாயடிப் பேச்சு நின்றது. ஒருவர் சைக்கிளை நிறுத்திக் கீழே காலூன்றிக்கொண்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் மாஸ்டருக்குப் பயமாக இருந்தது. சுடலைமணி அவர் நிழலை மிதித்துக்கொண்டே வந்தான்.

ஆவுடை வீட்டுக்குள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் வாசல்படியில் நின்று படத்தை விரித்தார்.

"பாருங்கம்மா. இந்தத் தடவை சரியா இருக்கும். மணி செஞ்சு காட்டினான்."

ஆவுடையின் கண் படத்துக்குப் போகவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் போனது.

"இப்பதான் வழி தெரிஞ்சதாக்கும்" என்றாள்.

சுடலைமணி தலையைக் குனிந்தான்.

"உள்ள வா."

மாஸ்டரை ஒட்டி நுழைந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"என்னத்தைச் செஞ்சு காட்டினே?"

"அவன் சிரிப்பை, பெரியம்மா."

"எங்க?"

அவனுக்கு உடனே வரவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டுச் சிரித்தான். இடது பக்கம் ஏறியது. வலது பக்கம் பின்னால் ஓடிவந்து சேர்ந்தது.

ஆவுடை முறத்தை இறக்கி ஓரமாக வைத்தாள்.

"இன்னொரு தடவை."

சிரித்தான்.

கொழுந்து மாஸ்டர் படத்தை இன்னும் உயரமாகப் பிடித்தார். அந்த வாய் எவ்வளவு கச்சிதமாக வந்திருக்கிறது என்று அவள் பார்க்கவேண்டும் என்று ஓர் அடி முன்னால் வந்து, நிலைப்படி நிறைய நின்றார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் ஆவுடை. "வெளிச்சத்தை மறைக்கீங்க. தம்பி முகம் தெரியலை."