செய்யாத பாவத்தைச் சுமக்க மறுத்த போக்காடு

அது ஆடும் மாடும் வாய்விட்டுப் பேசிய காலம். பேசி என்ன, காது கொடுத்துக் கேட்கத்தான் ஆளில்லை. அப்போது வனாந்தரத்தில் ஒரு ஜனக்கூட்டம் கூடாரம் போட்டு வாழ்ந்தது. புல்லும் தண்ணீரும் தீர்ந்தால் கூடாரங்களைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்துவிடுவார்கள்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்தில் ஒரு நாள் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களை நிறுத்திச் சீட்டுப் போடுவார்கள். ஒன்று பலியாடு. மற்றதற்குப் பெயர் போக்காடு. அதை வெட்ட மாட்டார்கள். ஆசாரியர் அதன் தலையில் இரண்டு கைகளையும் அழுத்தி வைத்து, ஜனங்கள் செய்த பாவங்களையெல்லாம் சொல்லி அதன்மேல் ஏற்றுவார். பிறகு ஓர் ஆள் அதைக் கூட்டிப்போய் ஆள் நடமாட்டமில்லாத பாழ்வெளியில் விட்டு வருவான். ஆடு போனால் பாவமும் போயிற்று. நாம்தான் இப்போது பலியாட்டையும் போக்காட்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பலியாடு செத்தது. போக்காடு உயிரோடு சுமந்துகொண்டு போனது. எது பெரிய கஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

பாவம் செய்தவர்கள் முந்தின நாளே ஆசாரியரின் திரைக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். யார் எவர் என்று அவர் யோசிக்கக் கூடாது. கேட்டதை அப்படியே ஒப்பிக்க வேண்டும், அதுதான் முறை.

அந்த வருஷம் போக்காட்டுச் சீட்டு கெத்சியாள் வளர்த்த கடாவுக்கு விழுந்தது. கெத்சியாளுக்கு இரண்டு காலும் விளங்காது. கூடாரம் இடம் மாறும்போதெல்லாம் அண்ணன் ஏசேர்தான் அவளை முதுகில் சுமந்து நடப்பான். அவனை விட்டால் அவளுக்கு வேறு நாதி கிடையாது. தாய் செத்த குட்டியாகக் கிடந்த இந்தக் கடாவை மடியில் போட்டுப் பால் புகட்டி வளர்த்தவள் அவள். உயிரோடு போகிற சீட்டு என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் விடிந்ததும் எல்லோரும் புது இடத்துக்குக் கிளம்புவதாக இருந்தது.

ஆசாரியர் ஆட்டின் தலையில் கையை வைத்துச் சொல்ல ஆரம்பித்தார். தானியம் அளக்கும்போது திருடியது. பெற்ற தகப்பனைக் கை நீட்டி அடித்தது. பொய்ச்சத்தியம் பண்ணியது. ஆட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றுவரை தன் முதுகைத் தடவிக்கொடுத்த மனிதர்களா இவர்கள்? ஆனாலும் காலை ஊன்றி நின்றது. சுமப்பதுதானே அதன் வேலை.

ஆசாரியர் அடுத்ததை ஒப்பித்தார். "கால் விளங்காத தங்கையைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டுப் போனது."

ஆடு கெத்சியாளைப் பார்த்தது. அவள் இதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம்தான் அதற்கு உறைத்தது. இது நடந்த பாவமே இல்லை. நாளைக் காலையில் நடக்கப் போகிற பாவம். இன்றைக்கு விட்டால் அடுத்த போக்காட்டுக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுமே என்று ஏசேர் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டான். அடப்பாவி, ரயிலில் இடம் பிடிப்பதுபோலப் பாவத்துக்கும் முன்பதிவு!

ஆடு தலையைத் தாழ்த்தி, ஆசாரியரின் கைகளை நெற்றியால் எதிர்த்துத் தள்ளியது. அதுவரை எந்தப் போக்காடும் செய்யாத காரியம்.

"ஐயா, செய்ததை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றுங்கள், சுமக்கிறேன். செய்யப் போவதைச் சுமக்க மாட்டேன்."

எல்லோருடைய கண்ணும் ஏசேர் பக்கம் திரும்பியது. அவன் தலை குனிந்தான். அதைவிடக் கொடுமை, வேறு சிலரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் எதையெதைச் சொல்லிவைத்திருந்தார்களோ!

கெத்சியாள் அழவில்லை. "அண்ணே, உனக்கு முடியலைன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஆட்டுக்கிட்டயா சொல்லுவ?"

ஏசேர் வந்து ஆட்டின் முன்னால் மண்டியிட்டான். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அழுதுகொண்டே அதன் தலையில் கை வைத்தான். அவன் கையையும் அது தள்ளிவிட்டது. என்னிடம் எடுக்க ஒன்றுமில்லை, அவளிடம் போ என்றது.

அவன் தங்கைக்கு முன்னால் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவள் அந்த முதுகையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நம்பித்தான் ஏறினாளா என்று கேட்காதீர்கள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு முதுகுதான்.

ஆடு மிச்சப் பாவங்களோடு பாழ்வெளிக்குப் போனது. அதற்குப் பிறகு அதன் இனம் மனிதரோடு பேச்சு வைத்துக்கொள்ளவே இல்லை. எந்த வெள்ளாட்டின் நெற்றியிலும் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள், காலை ஊன்றி எதிர்த்துத் தள்ளும். அந்தக் குணம் அதற்கு அன்றைக்கு வந்ததுதான். நீங்கள் நேற்றுச் செய்ததை அது கேட்டுக்கொள்ளும். நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் அதற்குப் பயம்.