கயிறு விற்பனைக்கு இல்லை

பாவாயி மாட்டுத் தரகு செய்பவள். அந்த வட்டாரச் சந்தையில் துண்டு போடும் ஒரே பெண்பிள்ளை. வாயைத் திறந்தால் பாதிச் சந்தை திரும்பிப் பார்க்கும். கையைத் துண்டுக்குள் விட்டுவிட்டாலோ, அவள் முகத்தைப் பார்த்து ஒருத்தனாலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

துண்டு போடுவது என்பது இதுதான். விற்பவன் கையையும் தரகர் கையையும் ஒரு துண்டு மூடும். உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்ல வேண்டும். வாய்ப்பேச்சு கிடையாது. பிறகு வாங்குபவனோடும் அதேபோல. சுற்றி நிற்பவர்கள் துண்டு ஆடுவதைப் பார்க்கலாம், விலையைப் பார்க்க முடியாது. விரலை மடக்கி முட்டியை இறுக்கிக்கொண்டால், இதற்கு மேல் பேச்சில்லை என்று அர்த்தம்.

அவளிடம் தொழில் கற்ற ஒரே சீடன் நவநீதன். மற்ற நாளில் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை, சந்தை நாளில் பாவாயிக்குப் பின்னால். கறவை மெஷினைப் பிரித்து மாட்டுவதில் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் நியூசிலாந்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அவனுக்கும், மனைவி தாரணிக்கும், நாலு வயது மகள் யாழிசைக்கும் விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் விமானம்.

சொல்லிக்கொண்டு போவதற்காகக் குடும்பத்தோடு சந்தைக்கு வந்தான். வந்த நேரம், பாவாயி ஒரு குடியானவனைப் பிடித்து விளாசிக்கொண்டிருந்தாள். மாடு விலை படிந்துவிட்டது. அந்த ஆள் கயிற்றோடு சேர்த்து மாட்டைக் கொடுத்துவிட்டான்.

"யோவ், கயிறை உருவு."

"போகட்டும் விடுங்க்கா. பழைய கயிறுதானுங்களே."

"பழசோ புதுசோ, நீ வித்தது மாடு. கயிறு உன் ஊட்டுக்குப் போகோணும்." பாவாயி வாங்கியவன் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்யா வெறுங்கையை வீசிக்கிட்டு வந்தே? மாடு வாங்க வர்றவன் புதுக்கயிறு இல்லாம வருவானா? போய் வாங்கிட்டு வா. அதுவரைக்கும் மாடு நகராது."

வாங்கியவன் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றுக்கடையைத் தேடிப் போனான்.

நவநீதன் சிரித்தான். இந்தச் சண்டையை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். ஏன் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

"என்றா, வெள்ளைக்காரன் மாட்டுக்குப் பால் கறக்கக் கிளம்பிட்டியா?" என்றாள் பாவாயி.

"மெஷின் கறக்குமுங்க்கா. நான் மெஷினைப் பாத்துக்கறது."

"அப்ப மாட்டை யாரு பாத்துக்கறது?"

தாரணி சிரித்துவிட்டாள்.

மாடு ஏற்றி வந்த லாரியின் நிழலில் உட்கார்ந்தார்கள். நவநீதன் குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு விஷயத்துக்கு முடிவு தெரியோணுமுங்க்கா. நீங்க சொன்னாச் சரி."

"சொல்லு."

"ஊடுதானுங்க. மில்லுக்காரர் விலைக்குக் கேக்கறாரு. சாயங்காலம் பதில் சொல்லோணும். நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த டீச்சரம்மா வாடகைக்குக் கேக்குது. அது மாசமா இருக்குது, இப்ப இருக்கற எடத்துல மாடி ஏறி எறங்க முடியலையாம். எனக்கு ரெண்டுமே மனசில்லை. பூட்டிரலாம்னு பாக்கறேன். கட்டில், பீரோ எல்லாத்துக்கும் பழைய சீலையைப் போத்தியாச்சு."

"எத்தனை வருசத்துக்குப் போறே?"

நவநீதன் நெஞ்சை நிமிர்த்தினான். "என்னங்க்கா கேள்வி? போனா அங்கியே செட்டில்தானுங்க. ஊருக்கே சொல்லிப்போட்டேன். திரும்பற பேச்சே இல்லை."

"அங்கியே இருக்கப் போறவன், இங்க கட்டிலுக்கு எதுக்குடா சீலை போத்தறே?"

நவநீதன் மனைவி பக்கம் திரும்பினான்.

பாவாயி தாரணியைப் பார்த்தாள். "நீ என்ன சொல்றே அம்மிணி?"

"ரெண்டு வருசம் இருந்து பாத்துட்டு வந்தர்றோம்னு எங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கறேனுங்க்கா."

"எந்நேரமும் அழுகைதானுங்க்கா," என்றான் நவநீதன். "பாத்திரத்தை எடுத்தா அழுகை, பாயைச் சுருட்டினா அழுகை. நான் என்னமோ இவளைக் கடத்திக்கிட்டுப் போற மாதிரி."

பாவாயி தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினாள்.

"கையைக் கொடு."

"என்னங்க்கா விளையாட்டு?"

"விளையாடறதுக்கு எனக்கு நேரமில்லை. விரலுக்கு ஒரு வருசம். சொல்லு."

துண்டு விழுந்தது. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதையே கையும் சொல்லட்டும் என்றுதான் நவநீதன் நினைத்தான். ஆனால் துண்டுக்குள் பொய் சொல்கிறவன் தரகனே இல்லை என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பழகிய கை. அது தானாகப் போய் அவளுடைய இரண்டு விரலைப் பிடித்தது.

பாவாயியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நீ வா அம்மிணி."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க்கா."

"மாட்டுக்கு விலை சொல்லத்தான் தெரியோணும். உன் மனசைச் சொல்ல என்ன தெரியோணும்? கொடு கையை."

துண்டு மறுபடி விழுந்தது. ஒரே ஒரு தரம் அசைந்தது. அவ்வளவுதான். பாவாயியின் முகம் அப்போதும் மாறவில்லை. ஆனால் தாரணியைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தாள்.

"எவ்வளவுங்க்கா?" என்றான் நவநீதன்.

"செருப்பு பிஞ்சிரும்! ஒருத்தர் விரலை இன்னொருத்தருக்குச் சொல்றவ நாளைக்கு இந்தச் சந்தைக்குள்ள கால் வைக்க முடியுமா? இதையா உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்?"

"சரிங்க, சரிங்க. ரெண்டுக்கும் எவ்வளவு தூரம் இடிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

"இங்கிருந்து நீ போற நாடு எவ்வளவு தூரமோ, அவ்வளவு."

துண்டை அவன் மடியில் வீசிவிட்டு எழுந்தாள். "என் வேலை முடிஞ்சுது. நீங்களே கை போட்டுக்கோங்க."

"நடுவுல தரகர் இல்லாமயா?"

"புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல தரகு பாக்க எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? சந்தைப் புத்தியை ஊட்டுக்குள்ள கொண்டுபோனது நீ. நீயே அவுத்துக்கோ." குழந்தையின் கையைப் பிடித்தாள். "வா கண்ணு, கன்னுக்குட்டி பாத்துட்டு வரலாம்."

நவநீதன் துண்டை விரித்தான். மனசுக்குள் ஒரு தெம்பு இருந்தது. தாரணி வாய்விட்டுச் சொன்னது இரண்டு வருசம். அவன் விரலும் இரண்டு. கேட்ட விலையும் கொடுக்கிற விலையும் ஒன்றாக இருக்கும்போது பேரம் ஏது? இந்த அக்காவுக்கு எல்லாவற்றையும் பெரிசாக்கிப் பேசித்தான் பழக்கம்.

துண்டுக்குள் இரண்டு விரலை நீட்டித் தாரணியின் விரலைத் தேடினான்.

விரல் இல்லை. முட்டி. இறுக்கி மூடிய முட்டி.

"இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு?" என்றான்.

"சந்தை முடிஞ்சு வந்தா எப்பவும் இதே கதைதானே பேசறீங்க. தெரியாம இருக்குமா?"

"தெரியாதுன்னு சொன்னியே?"

"அது வாய் சொன்னது."

"அப்ப திரும்பி வர்றதே இல்லையா?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுக்குத் தாரணி அத்தனை அழுகை?"

"திரும்பி வரமாட்டேன்னு தெரிஞ்சதாலதான் அழுதேன்." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க ஏன் ஒரு சொட்டுக்கூட அழலைன்னு இப்பத்தான் புரியுது."

அவனுக்கு ரோசம் வந்தது. "உங்கம்மாகிட்ட மட்டும் ரெண்டு வருசம்னு சொன்னே."

"நீங்க செட்டில்னு ஊருக்குச் சொன்னீங்கல்ல? அதே மாதிரிதான்."

அந்தப் பக்கம் போன ஒரு தரகன் நின்று பார்த்தான். "என்னப்பா நவநீதா, துண்டு ஆடுது, மாட்டைக் காணோமே!"

"போய்யா, உன் வேலையைப் பாரு!"

தாரணி முட்டியைத் திறக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு தடவை வேரோட புடுங்கி நட்டாத் தாங்கிக்குவேனுங்க. அங்க வேர் புடிச்சப்புறம் மறுபடியும் புடுங்கினா என்னால ஆகாது. யாழிசையாலயும் ஆகாது. அங்கத்திப் பள்ளிக்கூடத்துல ஒரு கூட்டாளி புடிச்சு, அந்தப் பாஷையில சண்டை போடப் பழகியிருப்பா. அப்ப வந்து பெட்டியைக் கட்டுன்னு சொல்லுவீங்க. அதுக்கு இப்பவே போகாம இருந்தர்லாம்."

"பயமா இருக்குது தாரணி," என்றான் நவநீதன். "அந்தக் குளிரும், அந்தப் பாஷையும். கால் ஊனலைன்னா ஓடி வந்தர்றதுக்கு ஒரு கதவு இருக்கட்டும்னுதான் பூட்டி வெக்கலாம்னு நினைச்சேன்."

"பயம்னு எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"பயத்தைக் காட்டினா விலை எறங்கிருமே. சந்தையில நின்னவன்."

"நான் சந்தையாங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். துண்டுக்குள் கை அசைந்தது. முட்டியின்மேல் நீட்டியிருந்த அவன் இரண்டு விரலோடு இன்னொரு விரல் நீண்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. முட்டி இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது. ஒருமுறை அவள் களுக்கென்று சிரித்தாள். ஒருமுறை அவன் தலையை ஆட்டினான். எந்த விரலில் அந்த முட்டி திறந்தது என்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டும் தெரியும். துண்டை எடுத்தபோது அவள் கை அவன் கைக்குள் முழுசாக இருந்தது. அவன் கண் கலங்கியிருந்தது. தாரணி அதைப் பார்த்தாள். துடைக்கச் சொல்லவில்லை.

பாவாயி வைக்கோல் ஒட்டிய குழந்தையோடு வந்து சேர்ந்தாள்.

"படிஞ்சுதா?"

"படிஞ்சுதுங்க்கா."

"சரி."

"எவ்வளவுன்னு கேக்கலீங்களா?"

"கேட்டாச் சொல்லிருவியா?"

"மாட்டேனுங்க."

"இப்பத்தான்டா தொழில் கத்துக்கிட்டே. போ, நல்லா இருப்பே." துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "எந்த நாட்டுல கொண்டுபோய் விட்டாலும் பொழைச்சுக்குவே. ரெண்டு பேரும்தான் சொல்றேன்."

"அந்த ஊட்டுக்கு ஒரு வழி சொல்லாமப் போறீங்களே. சாயங்காலம் மில்லுக்காரர் வந்து நிப்பாரு, மாசமா இருக்கற டீச்சரம்மாவும் பதிலுக்குக் காத்திருக்குது. பூட்டறது இல்லைன்னு ஆயிப்போச்சு. விக்கறதுக்கும் மனசு வரமாட்டேங்குது."

பாவாயி கட்டுத்தறிப் பக்கம் கையைக் காட்டினாள். மாடு வாங்கியவன் புதுக்கயிற்றோடு திரும்பி வந்திருந்தான். கட்டுத்தறியில் நின்ற மாட்டின் கழுத்தில் புதுக்கயிறு ஏறியது. விற்றவன் பழைய கயிற்றை உருவி, வளையமாகச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டான். மாடு ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. பிறகு புதுக்கயிறு இழுத்த பக்கம் நடந்தது.

நவநீதன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஏனுங்க்கா, இத்தனை நாளா நான் கேட்டதே இல்லை. மாட்டை விக்கறோம். அந்தப் பழைய கயிறை மட்டும் ஏன் விக்கக் கூடாது?"

"விக்கவும் கூடாது. ஊட்டுக்குக் கொண்டுபோய் ஆணியில மாட்டிப் பாத்துக்கிட்டு இருக்கவும் கூடாது," என்றாள் பாவாயி. "அடுத்த கன்னு என்ன, வெறுங்கழுத்தோடயா நிக்கும்?"