முப்பது மட்டைகளுக்கு ஒரு கோல்கீப்பர்

கோவில்பட்டியில் போன கோடை விடுமுறையில் ஒரு குடும்பம், பிள்ளையை ஹாக்கி முகாமில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாமல் திண்டாடியது. சின்ன விஷயம்தான். ஆனால் பேசிய மூவரும் நியாயமாகவே பேசித் தொலைத்ததால் தீர்ப்பை உங்களிடம் விட வேண்டியிருக்கிறது. அவசரப்படாமல் கேளுங்கள்.

சண்முகக்கனி தீப்பெட்டி ஆலையில் சரக்கு சோதிப்பவள். பண்டலில் மேலே இருக்கும் பெட்டியை அவள் தொடவே மாட்டாள். மேலே நல்லதைத்தான் அடுக்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். நடுவில் கையை விட்டு ஒன்றை உருவி, குச்சியை உரசிப் பார்த்த பிறகுதான் நம்புவாள். அவள் கணவன் தங்கமாரி மினிபஸ் ஓட்டுகிறவன். பள்ளியில் படித்தபோது ஹாக்கி ஆடியவன் என்பதால், அந்த விளையாட்டைப் பொறுத்தவரை வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். மகள் மாரீஸ்வரிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி அணியின் கோல்கீப்பர்.

ஜூன் மாதம் மாவட்ட அணிக்குத் தேர்வு. போன வருடம் கடைசிச் சுற்றில் அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவளுடைய வயதுப் பிரிவில் இதுதான் கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் மட்டையைத் தொடவே மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற பிள்ளை என்பதுதான் தாயின் கவலை. பள்ளி மைதானமோ ஏப்ரல் கடைசியிலேயே பூட்டப்பட்டுவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஜெபராஜ் என்கிற பயிற்சியாளர் புதிதாக ஒரு கோடை முகாம் தொடங்கினார். நாற்பது நாள், தினமும் காலையில் இரண்டு மணி நேரம், செயற்கைப் புல்தரை. முப்பது சிறுமிகள் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் பந்தை அடிக்கிறவர்கள். தடுக்க ஒருத்திகூட இல்லை. ஜெபராஜ் வீடு தேடி வந்தார்.

"உங்க பிள்ளைக்குக் கட்டணமே வேண்டாம்மா. பேடு, ஹெல்மெட் எல்லாம் நானே தாரேன்."

தங்கமாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சண்முகக்கனிக்குச் சும்மா கிடைப்பது எதுவும் உறுத்தும். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றாள்.

மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை அவள் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். சிறுமிகள் வரிசையாக ஓடிவந்து அடித்தார்கள். ஒவ்வொருத்தி அடித்ததும் ஜெபராஜ் ஏதாவது திருத்தம் சொன்னார். மணிக்கட்டை இறக்கு, தலையைக் குனி, முன்காலை ஊன்று. மாரீஸ்வரியிடம் அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "பந்தை இங்கிட்டுத் தட்டி விடும்மா." வந்த பந்துகள் நூற்றெண்பது. உள்ளே போனவை ஐம்பத்திரண்டு. சண்முகக்கனி ஒன்று விடாமல் எண்ணியிருந்தாள்.

முடிந்ததும் நேரே ஜெபராஜிடம் போனாள்.

"சார், எம்பிள்ள அம்பத்திரண்டு பந்த விட்டுட்டா. எந்தப் பக்கம் அதிகமா விட்டா?"

ஜெபராஜ் யோசித்தார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "அத நான் கவனிக்கலம்மா. நான் ஃபார்வர்டா ஆடினவன், கீப்பருக்குச் சொல்லித்தர எனக்கு அவ்வளவாத் தெரியாது. நின்னு வாங்க வாங்கத் தானா வந்துரும்."

பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒன்பது வயது தர்ஷினி பாட்டிலை இறக்கினாள். "எடது கால் பக்கம் ஆன்ட்டி. அக்காவுக்கு அந்தக் கால் மெதுவாத்தான் வரும். அதான் நாங்க எல்லாரும் அங்கயே அடிக்கோம்." மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மாரீஸ்வரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவளுக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

சண்முகக்கனிக்கு ஜூன் மாதத் தேர்வு நினைவுக்கு வந்தது. மாவட்டத் தேர்வில் கோல்கீப்பரைச் சோதிக்க, தேர்வுக்கு வந்த பிள்ளைகளையே பந்தடிக்கச் சொல்வார்கள். ஜூனில் மாரீஸ்வரிக்கு எதிரே நிற்கப்போவதும், அதே தேர்வுக்குத் தயாராகிற இந்த முப்பது பேர்தான்.

இருவரையும் கூட்டிப்போக வந்த தங்கமாரியோடு மைதானத்து வாசலிலேயே பேச்சு தடித்தது.

"வேண்டாங்க," என்றாள் சண்முகக்கனி. "எங்க அடிச்சா இவள ஏமாத்தலாம்னு நாப்பது நாளும் இவளே நின்னு எல்லாருக்கும் பாடம் நடத்தணுமா? இவளுக்குச் சொல்லித்தரத்தான் இங்க ஆளில்லையே."

"வீட்டுல செவரப் பாத்து நின்னா மட்டும் ஆட்டம் வந்துருமாக்கும்?" என்றான் தங்கமாரி. "ஒரு நாளைக்கு நூத்தியெம்பது பந்து யாரு போடுவா? நீ போடுவியா?"

ஜெபராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இவ வரலைன்னா முப்பது பிள்ளைகளும் ஆளில்லாத கோல்லதாம்மா அடிச்சுப் பழகணும். அதுகளையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

மாரீஸ்வரி முகாமில் சேரலாமா, கூடாதா? இந்த மூவரில் யார் சொன்னது சரி? கீழே படிப்பதற்கு முன் நீங்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள்.

விடை: ஜெபராஜ் தன் முகாமுக்காகப் பேசினார். அதில் தப்பில்லை, ஆனால் கேள்வி மாரீஸ்வரியைப் பற்றியது. சண்முகக்கனி சொன்னது, தர்ஷினி வாயைத் திறப்பதற்கு முன்னால் என்றால் நூற்றுக்கு நூறு சரியாக இருந்திருக்கும். ஒருத்தியின் பலவீனம் முப்பது பேருக்குத் தெரிந்து, அவளுக்கு மட்டும் தெரியாமல் இருக்கும் இடத்தில் பிள்ளையை விடவே கூடாது. ஆனால் தெரிந்துவிட்ட பிறகு அது வேறு முகாம். தினமும் முப்பது பேர் குறி பார்த்து அவளுடைய மந்தமான காலுக்கே பந்தை அனுப்புவார்கள். அவளுக்கு வேண்டிய பயிற்சி அதுதான். ஆகவே தங்கமாரியின் முடிவு சரி; ஆனால் குருட்டாம்போக்கில் சொன்னது. அதைச் சரியாக்கியது சண்முகக்கனியின் கேள்வி. மூவரும் வாசலில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, மாரீஸ்வரி பேடைக் கழற்றியபடியே தர்ஷினியைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னாள்: "நாளைக்கும் அங்கயே அடி. வேற பக்கம் அடிச்சே, பாத்துக்கோ."